சோற்றில் சாறு ஊற்றியவள்

மதிய மணி அடித்ததும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். டிபன் பெட்டி கொண்டுவந்தவர்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். கொண்டுவராதவர்கள் வெளியே போய் ஊஞ்சல் ஆடுவார்கள். யாரும் அவர்களை வெளியே போகச் சொன்னதில்லை. அடுத்த பிள்ளை மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்பதை அவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். ஜப்பானின் தெற்கே, எங்கள் சிக்குஹோ வட்டாரத்தின் கரிச்சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

தொகிகோ ஊஞ்சலுக்குப் போக மாட்டாள். குழாயடிச் சுவருக்குப் பின்னால் நிழலில் குந்தியிருப்பாள். கையில் எதையும் வைத்துக்கொண்டு விளையாட மாட்டாள். மணி மறுபடி அடிக்கும்வரை அப்படியே இருப்பாள். அவள் வகுப்பில் படித்த நோபுயே ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்து அவளைப் பார்த்தாள்.

"நீ ஏன் ஊஞ்சல் ஆடல?"

"ஆடினாப் பசிக்கும்."

"ஆடாட்டி?"

"ஆடாட்டியும் பசிக்கும். வாந்தி வராது, அவ்வளவுதான்."

நோபுயே கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்குக் காலைல எங்க வீட்டுக்கு வா. எங்கம்மா கண்டபடி திட்டும். ஆனா சோறு போடும்."

இரண்டு பேருக்கும் அப்போது பத்து, பதினொரு வயது. நட்பு என்று பெரியவர்கள் எழுதுகிற பெரிய வார்த்தை எதுவும் அவர்களுக்குள் இல்லை. ஒருத்தி வீட்டில் சோறு இருந்தது. இன்னொருத்திக்கு அது வேண்டியிருந்தது. இதைப் பேசி முடித்தபிறகு இருவரும் சேர்ந்தே பள்ளிக்குப் போனார்கள், சேர்ந்தே கரிக்கழிவு மேட்டில் ஏறி எரியாத கரித்துண்டு பொறுக்கினார்கள், ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்த்தார்கள்.

நான் நோபுயே வீட்டுக்கு அடுத்த வீடு, குழி வேலைக்குப் போகிற என் அண்ணனோடு இருந்தேன். எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே இருந்தது ஒற்றைப் பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து "போர்த்திக்கிட்டுப் படு" என்று சொல்லலாம். அதனால் இதில் நான் காதால் கேட்டது பாதி, கண்ணால் பார்த்தது பாதி.

தொகிகோவும் அவள் தங்கை சாயோவும் வரிசையின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார்கள். அம்மா காசநோயில் போய்விட்டாள். அப்பா வேலை செய்த சின்னச் சுரங்கம் மூடியதும் அவர் ஒசாகா துறைமுகத்துக்குக் கூலி தேடிப் போனார். முதலில் ஏதோ பணம் வந்தது. பிறகு அது நின்றது. அவர் கெட்டவர் இல்லை. வேலை இல்லாத நாட்டில் நல்லவனும் ஒருநாள் காணாமல் போவான். பாத்திரத்தை, பாயை, கடைசியில் வீட்டின் உட்கதவை விற்றுத் தின்றன அந்தப் பிள்ளைகள். வரிசையில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். எல்லோரிடமும் இருந்ததே கொஞ்சம்தான்.

நோபுயேயின் அம்மா ஹருனோவுக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம்.

"வந்துட்டாளுக மகாராணிக! என் புருஷன் என்ன கம்பெனி முதலாளியா, ஊருக்கே படியளக்க? ஏ சாயோ, மூக்கைத் துடை. துடைச்சிட்டு உக்காரு. அந்தக் கிண்ணம் இல்ல, பெரிய கிண்ணத்தை எடு."

அவள் புருஷன் கன்சோ வேலைக்குக் கிளம்பக் காலில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டே சிரிப்பான். "மெதுவாத் தின்னு பிள்ளே. சோறு ஓடிப்போகாது. ஓடினா நான் பிடிச்சுத் தரேன்."

பார்லி பாதி, அரிசி பாதிச் சோறு. சோயா விழுது கரைத்த மிசோ சாறு. முள்ளங்கி ஊறுகாய் இரண்டு துண்டு. அந்த இரண்டு பெண்களுக்கும் அன்றைய நாளில் அது ஒன்றுதான் சாப்பாடு.

சுரங்கத்துக்கு ஆள் போகிற வீட்டில் காலை நேரத்துக்கென்று சட்டங்கள் இருந்தன. விசில் அடிக்கக் கூடாது. குரங்கு என்ற பெயரை வாயில் எடுக்கக் கூடாது. பெண்பிள்ளை தலைவாரக் கூடாது. வாசலைத் தாண்டினவன் மறந்த பொருளுக்காகத் திரும்பி வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சோற்றின் மேல் சாற்றை ஊற்றித் தின்னக் கூடாது. ஊற்றினால் குழிக்குள் மேல்கூரை சரியும், அல்லது தண்ணீர் புகும். சாறு தனியாக, சோறு தனியாக. ஆள் வாசலைத் தாண்டிப் போன பிறகு வீட்டில் இருப்பவர்கள் எப்படி வேண்டுமானாலும் தின்னலாம் என்பது எங்கள் வரிசையின் வழக்கம். அடுத்த வரிசையில் அதுவும் கூடாது.

இந்தச் சட்டங்களில் எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா காலத்தில் இதற்கு ஒரு பயன் இருந்தது. "வீட்ல சோத்துல சாறு ஊத்திட்டாங்க, மேஸ்திரி" என்று சொன்னால் அன்றைக்கு ஆள் குழிக்குள் இறங்க வேண்டாம். மேஸ்திரியும் பிறந்து வளர்ந்தது இதே லைன் வீட்டில்தான், தலையாட்டிவிட்டுப் போவான். கம்பெனி கொடுக்காத விடுமுறையை ஏழை ஜனங்கள் சாமியிடமிருந்தும் சகுனத்திடமிருந்தும் வாங்கிக்கொண்டார்கள். முதுகு பிடித்துக்கொண்ட நாளில் வேண்டுமென்றே சாறு ஊற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆட்குறைப்பு வந்த வருஷத்தில் கம்பெனி அந்த விடுமுறையை ஒழித்தது. வராதவன் பெயர் முதலில் வெட்டப்படும் என்று அறிவிப்பு. மூடநம்பிக்கையை ஒழிக்கிறோம் என்று அதற்கு ஒரு பேச்சு வேறு. விடுமுறைதான் ஒழிந்தது. பழி மட்டும் எப்படி மிஞ்சியது என்பதற்குத்தான் வருகிறேன்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு காலை கன்சோ சாப்பிட்டுக்கொண்டே சொன்னது சுவர் வழியாக என் காதில் விழுந்தது.

"இடது பக்கச் சுரங்கத்துல தண்ணி கசியுது. அழுகின நாத்தம். பழைய குழித் தண்ணி அது."

"மேஸ்திரிகிட்டச் சொன்னீங்களா?" ஹருனோ கேட்டாள்.

"சொன்னேனே. 'பயமா இருந்தா வீட்ல இருந்துக்க, உன் இடத்துக்கு வெளியில ஆளுங்க நிக்கிறாங்க'ன்னான்."

"பழைய குழித் தண்ணின்னா என்ன மாமா?" தொகிகோவின் குரல்.

"நம்ம தாத்தாமாரு தோண்டிப்போட்ட குழிங்க, பிள்ளே. மூடாம விட்டுட்டாங்க. வருஷக்கணக்கா மழைத்தண்ணி குடிச்சிட்டு இருட்டுல படுத்திருக்கும். அதோட வயித்துல நம்ம கடப்பாரை படக் கூடாது."

பழைய குழி பக்கத்தில் இருந்தால் முன்னால் நீளத் துளை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தோண்ட வேண்டும். அரசாங்கத்தின் விதி அது. துளை போட ஆள் வேண்டும், அந்த ஆள் அன்றைக்குக் கரி வெட்ட மாட்டான். எங்கள் கம்பெனி துளை போடவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து அந்தக் காலை வந்தது. சாயோவுக்கு ராத்திரி முழுவதும் காய்ச்சல். தொகிகோ தனியாக வந்தாள். தங்கைக்கு ஒரு உருண்டை பிடித்துத் தரும்படி ஹருனோவிடம் கேட்டுவிட்டு, வழக்கம்போல கன்சோ கிளம்பும்வரை சாற்றையும் சோற்றையும் தனித்தனியாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். கன்சோ போய்விட்டான். அவன் காலடிச் சத்தம் தெரு முனையைத் தாண்டியதை நானும் கேட்டேன். வீட்டுக்குச் சீக்கிரம் ஓட வேண்டும் என்று தொகிகோ மிச்சச் சாற்றைச் சோற்றில் கவிழ்த்து, கிண்ணத்தை வாயில் வைத்துக் குடித்தாள். ஆள் போனபிறகு தினமும் அப்படித்தான் செய்வாள். நோபுயேயும் அப்படித்தான்.

வாசல் கதவு திறந்தது. கன்சோ துண்டை மறந்துவிட்டிருந்தான்.

ஹருனோ போட்ட கூச்சலில் என் கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"அடிப்பாவி! அடிப்பாவி! மனுஷன் இன்னும் வீட்ல நிக்கிறாரு, உனக்கு ஊத்திக் குடிக்கணுமா? எத்தனை நாளாக் கும்பி காஞ்சு கிடந்தே! நீங்க இன்னிக்குப் போக வேணாம். உங்க கால்ல விழுறேன், போக வேணாம்."

"போகாட்டி நாளைக்குப் போக முடியாது, ஹருனோ. பேரை வெட்டிடுவான். சின்னப் பிள்ள, பசி, குடிச்சிருச்சு. சாறு வயித்துக்குத்தான் போச்சு, குழிக்கா போச்சு?" என்றான் கன்சோ. துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தொகிகோவின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

மதியத்துக்கு முன்னால் சங்கு ஊதியது. ஷிஃப்ட் முடியாத நேரத்தில் ஊதினால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். பெண்கள் எல்லோரும் குழிவாயிலுக்கு ஓடினோம். இடது சுரங்கத்தில் பழைய குழியின் சுவர் உடைந்து தண்ணீர் புகுந்திருந்தது. மேலே ஏறி வந்தவர்கள் சேற்றில் முக்கி எடுத்தாற்போல இருந்தார்கள். அவர்களில் கன்சோ இல்லை. என் அண்ணனும் இல்லை.

எங்கள் ஊரில், குழியில் செத்தவனை மேலே தூக்கி வரும்போது ஒவ்வொரு தட்டிலும் அவன் பெயரைச் சொல்லி, "இப்ப மேல போறோம், கூடவே வா" என்று சத்தம் போட்டுச் சொல்வார்கள். இல்லாவிட்டால் அவன் கீழேயே தங்கிவிடுவான் என்பது நினைப்பு. எங்கள் ஆட்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. பம்பு வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் குறையவில்லை. செலவு அதிகம் என்று நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் வாயிலை மண் போட்டு மூடினார்கள். அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். வருத்தப்பட்டேனா என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. வெந்நீர் வைத்தேன், பாய் விரித்தேன், வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன். அதெல்லாம் நினைவிருக்கிறது.

ஹருனோ குழிவாயிலில் நின்று ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "சாறு ஊத்தினா. என் வீட்ல உக்காந்து, என் சோத்துல சாறு ஊத்தினா." ஊரே கேட்டது. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கணக்குக்காகச் சொல்கிறேன். அன்று காலை அந்த வீட்டில் நடந்த அபசகுனம் இரண்டு. ஒன்று, சாறு. இன்னொன்று, வாசலைத் தாண்டினவன் துண்டுக்காகத் திரும்பி வந்தது. இரண்டாவதை யாரும் பேசவில்லை. அதைச் செய்தவன் செத்துப்போன வீட்டுத்தலைவன். முதலாவதைச் செய்தது கேட்க நாதியில்லாத ஒரு பெண்பிள்ளை. சகுனத்துக்கும் ஆள் பார்த்துப் பழி போடத் தெரிந்திருக்கிறது.

கம்பெனியின் தொழிலாளர் அதிகாரி ஒதாபே, செத்த வீட்டுக்குக் கொடுக்கிற ஊதுபத்திப் பணத்தோடு வீடு வீடாக வந்தார். ஹருனோ வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

"கேள்விப்பட்டேன்மா. அந்தக் காலை நடந்தது. எங்க அம்மாவும் இந்த வழக்கத்துல ரொம்பக் கண்டிப்பு. மனுஷன் என்னதான் பாதுகாப்புப் பண்ணினாலும், சில விஷயம் நம்ம கையில இல்ல பாருங்க."

அதற்கு முந்தின மாதம்தான் அவர் மூடநம்பிக்கையை ஒழிக்கிறோம் என்று தொழிலாளர்கள் முன்னால் பேசியிருந்தார். அன்று மாலைக்குள் மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாவற்றிலும் கதை இதுதான். துளை போடாத கம்பெனியின் பெயர் யார் வாயிலும் இல்லை. சாறு ஊற்றிய தொகிகோவின் பெயர் எல்லார் வாயிலும் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வந்தது.

"சாறூத்தி வாரா! சாறூத்தி வாரா! எங்க வீட்டுப் பக்கம் வராதடி, எங்கப்பன் வேலைக்குப் போகணும்!"

"ஏய், அவ கை படாம நகருடா, உங்க அண்ணன் குழிக்குப் போயிருக்கான்!"

தொகிகோ திருப்பிப் பேசவில்லை. அவளும் குழிக்காரன் மகள்தான். அந்தச் சட்டங்களை அவளும் நம்பித்தான் வளர்ந்தாள். நோபுயே அவளைத் திட்டவும் இல்லை, அவள் பக்கம் போகவும் இல்லை. வகுப்பில் இடத்தை மாற்றிக்கொண்டாள். வரிசையில் யாரும் அந்தப் பிள்ளைகளை வீட்டுக்குள் விடவில்லை. இன்னும் வேறு குழிக்கு ஆள் போகிற வீடுகள் எல்லாம் அவை. நான் வாசலுக்கு வெளியே கிண்ணத்தை வைத்தால் வந்து எடுத்துப் போவாள். "உள்ள வந்து சாப்பிடு" என்றால் தலையாட்டி மறுப்பாள். "வேணாம்க்கா. உங்க வீட்லயும் ஏதாவது ஆகும்."

"எங்க வீட்ல ஆகறதுக்கு இனிமே ஒண்ணுமில்ல."

"இருந்தாலும் வேணாம்."

குளிர்காலத்தில் நகரத்திலிருந்து ஆள் வந்து சாயோவைக் குழந்தைகள் இல்லத்துக்குக் கூட்டிப்போனார்கள். சின்னது என்பதால் அதற்கு மட்டும் இடம் இருந்ததாம். சாயோ வண்டியில் உட்கார்ந்து கையில் கொடுத்த கிழங்கைத் தின்றுகொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. தொகிகோ உள்ளே போய் அடுப்புச் சாம்பலை அள்ளினாள். தினமும் பள்ளி விட்ட பிறகு ஊரிலிருந்த சலவைக்கடை ஒன்றில் ஈரத்துணி பிழிகிற வேலை அவளுக்குக் கிடைத்தது. கடைக்காரர் சுரங்க ஆள் இல்லை, சகுனம் பார்க்கவில்லை. அங்கேயே பின்கட்டில் படுத்துக்கொண்டாள். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்த்தான் தின்பாள் என்று கடைக்காரர் மனைவி சொன்னாள்.

செத்தவர்களின் குடும்பங்கள் சேர்ந்து கம்பெனி மேல் வழக்குப் போட்டோம். வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று. தண்ணீர் கசிவதைக் கம்பெனியிடம் முன்பே சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். மேஸ்திரியும் தண்ணீரில் போய்விட்டான். பிழைத்தவர்கள் கம்பெனியின் வேறு சுரங்கத்தில் வேலையில் இருந்தார்கள். வாய் திறந்தால் வேலை போகும். நான் சுவர் வழியாகக் கேட்டதையும், சின்னப் பிள்ளைகள் சொல்வதையும் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். மீதி இருந்தது ஹருனோ. அவள் வர மறுத்தாள்.

"என் புருஷனைக் கொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். கம்பெனி என்ன பண்ணும்?"

நான் எத்தனையோ விதமாகப் பேசிப் பார்த்தேன். கத்தியும் பார்த்தேன். "சாறூத்தாத வீட்டு ஆளும் அதே தண்ணியிலதானே செத்தான்? என் அண்ணன் அன்னிக்குச் சாறே தொடலையே!" என்றேன். அவள் காது கேட்காதவள்போல உட்கார்ந்திருந்தாள். அந்தக் கிண்ணத்தை விட்டுவிட்டால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இருக்கவில்லை. மேஸ்திரியிடம் கன்சோ சொன்னதைக் கேட்ட பிறகும், பெயர் வெட்டுவார்கள் என்ற பயத்தில் தினமும் அவனை அனுப்பினோமே என்பதை அவள் பார்க்க வேண்டிவரும். நாங்கள் எல்லோருமே பார்க்க வேண்டிவரும்.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. தொகிகோ நடுநிலைப் பள்ளி முடித்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கும்பலாக ரயிலேற்றி ஆலைகளுக்கு அனுப்புகிற காலம் அது. தூரத்து அய்ச்சி மாகாணத்தில் ஒரு நூற்பாலைக்கு அவளை எடுத்திருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின மதியம் அவள் எங்கள் வரிசைக்கு வந்தாள். ஹருனோ வீட்டு வாசலுக்கு வெளியே நின்றாள். ஹருனோவும் நோபுயேயும் உள்ளே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அத்தை, நான் வெளியூருக்குப் போறேன்."

ஹருனோ நிமிரவில்லை.

"நான்தான் மாமாவைக் கொன்னேன்னு நீங்க சொல்றீங்க. சரி. நான் இல்லைன்னு சொல்லல." அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடையில் சாமான் கேட்பதுபோல இருந்தது. "ஆனா அதுக்குச் சில நாள் முன்னாடியே தண்ணி கசியுதுன்னு மாமா சொன்னாரு. நாத்தம் அடிக்குதுன்னு சொன்னாரு. நான் கேட்டேன், நோபுயே கேட்டா, நீங்களும் கேட்டீங்க. அதைக் கோர்ட்டுல சொல்லுங்க."

"எதுக்குடி? நீ தப்பிச்சுக்கவா?"

"நான் தப்பிக்க வேணாம். என்னையும் சொல்லுங்க, அதையும் சொல்லுங்க. நான் ஊத்தினது ஒரு கிண்ணம், அத்தை. குழி முழுக்க நிக்குது தண்ணி. மிச்சத்தை யாரு ஊத்தினாங்கன்னு கேளுங்க."

பிறகு தலை வணங்கிவிட்டுப் போனாள். ஹருனோ பசை காய்கிறவரை கையில் பிடித்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. நோபுயே எழுந்து வாசல்வரை வந்தாள். கூப்பிடவில்லை.

அடுத்த விசாரணைக்கு ஹருனோ வந்தாள். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. கன்சோ சொன்னதை அப்படியே சொன்னாள். கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"அம்மா, விபத்து நடந்த அன்று குழிவாயிலில் நின்று வேறொரு காரணம் சொன்னீர்களே? ஊரே கேட்டதே?"

"சொன்னேன்."

"அப்படியென்றால் எது உண்மை?"

"சாறுன்னு நான் சொன்னப்ப உங்க ஆளு ஒதாபே என் வீட்ல உக்காந்து ஆமாம் போட்டாரு. தண்ணி வருதுன்னு என் புருஷன் சொன்னப்ப உங்க மேஸ்திரி வாயை மூடச் சொன்னான். பொம்பள அழுகையில சொன்னதுக்கு இருந்த காது, ஆம்பள வேலையில சொன்னதுக்கு ஏன் இல்லாமப் போச்சு? நீங்க சொல்லுங்கய்யா, எது உண்மைன்னு."

வழக்கில் நாங்கள் ஜெயித்தோம் என்று சொல்லலாம். அதற்குள் கம்பெனி தன்னைத்தானே கலைத்துக்கொண்டு, வேறு பெயரில் சிமெண்டு விற்கப் போயிருந்தது. கிடைத்ததை வாங்கிக்கொண்டோம். ஒதாபே நகரசபைக்கு நின்று ஜெயித்தார். எந்த முதலாளியும் ஒருநாள்கூடச் சிறையில் இருக்கவில்லை.

நோபுயே ரயிலேறி அந்த நூற்பாலைக்குப் போய்த் தொகிகோவைப் பார்த்தாள். ஆலையின் பார்வையாளர் அறையில் நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். தொகிகோவின் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் தோல் உரிந்திருந்தது. நோபுயே அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். அம்மா கோர்ட்டில் பேசியது, வக்கீல் வாயடைத்தது, ஊரில் இப்போது யாரும் சாறு என்று பேசுவதில்லை என்பது.

"அப்படியா" என்றாள் தொகிகோ.

"அவ்வளவுதானா? உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"அத்தை நம்பிச் சொன்னாங்களா? இல்ல, வழக்குக்காகச் சொன்னாங்களா?"

நோபுயே மறுபடி அழுதாள். தொகிகோ சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "அழாத. ஷிஃப்டுக்கு மணி அடிச்சிரும்" என்றாள்.

அதன்பிறகு அவள் வாழ்க்கையில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நூற்பாலையில் இருந்தாள். அது மூடியபிறகு ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. லாரி ஓட்டுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு மகனை வளர்த்தாள். சாயோவைத் தேடி ஒருமுறை ஹகத்தா நகரத்துக்குப் போனாள். கடை வைத்திருந்த ஒரு குடும்பம் தங்கையைத் தத்தெடுத்திருந்தது. சாயோ வாடிக்கையாளருக்குக் குனிவதுபோலக் குனிந்து வணங்கி, ஒரு பெட்டி மிட்டாய் கொடுத்தனுப்பினாள். தொகிகோவின் வீட்டுக்கு நாங்கள் போனால் விதவிதமாகச் சமைத்துப் போடுவாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீரையும் தொட மாட்டாள். எப்போதும் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பாள். நோபுயே இதைக் கேட்கப் பயந்தாள். வருஷங்கள் போயின.

ஹருனோ நல்ல வயதாகி இறந்தாள். செய்தி சொன்ன மறுநாள் காலையிலேயே தொகிகோ ரயிலில் வந்து இறங்கினாள். ஊதுபத்தி ஏற்றினாள். எரியூட்டு முடிந்து வீட்டுக்கு வந்தபோது, விருந்தினருக்கெல்லாம் சாப்பாடு வைத்திருந்தது. வேகவைத்த தாமரைக்கிழங்கு, டோஃபு, சோறு. எல்லோரும் உட்கார்ந்தோம். தொகிகோ வாசற்படியில், கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே, தன் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் நோபுயேவுக்கும் அப்போது தலை நரைத்திருந்தது.

நோபுயே எழுந்து போனாள்.

"உள்ள வா. சாப்பிடு."

"சாப்பிட்டு வந்தேன்."

"எங்க சாப்பிட்ட? ராத்திரி ரயில்ல ஏறினவ நேரா இங்க வந்து நிக்கிற. பொய் சொல்லாதடி."

தொகிகோ பக்கத்தில் கிடந்த ஒரு செருப்பை நேராக வைத்தாள்.

"நீ இன்னும் அதை நம்புறியா?" நோபுயே கேட்டாள்.

"இல்ல. நம்பறத எப்பவோ விட்டுட்டேன். புத்தகமெல்லாம் படிச்சேன். அது வெறும் பேச்சுன்னு தெரியும்."

"அப்புறம் ஏன்?"

தொகிகோ யோசித்துச் சொன்னாள். வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல இருந்தது. "அடுத்தவங்க வீட்ல கிண்ணத்தைக் கையில எடுத்தா, அந்த வீட்டு ஆம்பள எங்க இருக்கான்னு தேடுறேன். வெளிய போயிட்டானா, திரும்பி வந்துடுவானான்னு வாசலையே பாக்குறேன். அப்புறம் தொண்டையில இறங்கல. அவ்வளவுதான்."

ஒரு பெண்பிள்ளை தலையில் கட்டியதை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. கம்பெனிக்கு நினைவே இருந்ததில்லை. பகுத்தறிவு வந்து மூளையைத் திறந்துவிட்ட பிறகும் உடம்பு பூட்டியே கிடக்கிறது. இதற்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நோபுயே வாசற்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த வீட்ல ஆம்பளையே கிடையாதுடி. நான் கட்டிக்கவே இல்ல. அம்மாவும் நானும்தான் இருந்தோம். இப்ப நான் மட்டும். வாசல்ல யாரும் வர மாட்டாங்க. வேணும்னா கதவைத் தாப்பாப் போட்டுடறேன்."

"விருந்தாளிங்க இருக்காங்களே."

"எல்லாம் கிழவிங்க. பக்கத்து வீட்டு அக்காவைப் பாரு, அவளுக்கு என்ன ஆயிடப்போகுது?"

தொகிகோ அறையைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தாமல் தலையைக் குனிந்துகொண்டோம். நோபுயே எழுந்துபோய் உண்மையாகவே தாழ்ப்பாள் போட்டாள்.

தொகிகோ ஷூவைக் கழற்றினாள். உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். நோபுயே சோறு வைத்தாள். அவள் கிண்ணத்தை எடுத்தாள், வாசலை ஒருமுறை பார்த்தாள், பிறகு வேலை செய்கிறவள்போல ஒரே சீராகத் தின்றாள். கண்ணீர் எதுவும் வரவில்லை, அவளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. ஒரு கிண்ணம் முடிந்தது.

"எப்படி இருக்கு?" என்று நோபுயே கேட்டாள்.

"உப்புக் கம்மி" என்றாள் தொகிகோ.